ஒருபோகத்தை நம்பிய கரை

(கிழக்கிலே கமக்காரரும், ஆசிரியரும், வைத்தியரும், பிற தொழில்வாண்மையாளரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் வடிவம்)



வேளாண்மை செய்வோர் நிறைந்திருக்கும் இச்சபையிலே உல்லாசப் பயணத் தொழிலைப் பற்றிப் பேச நாம் முற்பட்டால், “இதற்கும் எமக்கும் என்ன தொடர்பு?” என்று உங்களிற் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எனினும், பருவத்தை நம்பி வாழ்வதென்றால் என்ன என்பதை உங்களைவிட நன்கறிந்தவர் இந்நாட்டில் எவருமிலர். வானம் பார்த்த காணியிலே ஒருபோகம் மாத்திரம் விளைவிப்பவன், அந்த ஒருபோகம் பிழைத்தால் அவ்வாண்டு முழுவதும் கடனாளியாகின்றான். குளத்து நீர் பாயும் காணிக்காரனுக்கோ பெரும்போகம் பிழைத்தாலும் சிறுபோகம் கைகொடுக்கின்றது. இந்த வேறுபாட்டை மனத்திலே வைத்துக்கொண்டு, எமது கடற்கரையிலே வளர்ந்துவரும் புதுத் தொழிலைச் சற்று நோக்குவோம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். 2018 ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் ஏறத்தாழ 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் வந்தோர் 2 இலட்சத்து 53 ஆயிரம். மே மாதத்தில் வந்தோரோ 1 இலட்சத்து 29 ஆயிரம். ஒரு மாதத்திலே நிறைந்து வழிந்த அறைகள் இன்னொரு மாதத்திலே ஏறத்தாழப் பாதி வெறுமையாகக் கிடந்தன என்பதே இதன் பொருள். மே மாதத்துக்கு அடுத்தபடியாகக் குறைந்த மாதங்கள் ஜூன், செப்டெம்பர், ஒக்டோபர் என்பன. இது ஓராண்டு நேர்ந்த விபத்தன்று. தொழிலின் அமைப்பிலேயே ஊறிப்போன குறை.

இக்குறை இயற்கையின் கட்டளையா? அன்று என்பதே எமது வாதம். இத்தீவுக்கு இரண்டு பருவக்காற்றுகள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை வீசும்போது கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவை ஆகிய கரைகளிலே மழையும் கொந்தளிப்பும் மிகும். அதே மாதங்களிலேதான் நிலாவெளியிலும், பாசிக்குடாவிலும், அறுகம்பை என்று உலகம் அழைக்கும் எங்கள் உல்லைக் கரையிலும் வானம் வெளுத்து, வெயில் ஏறிநிற்கும். நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கடல் குளம்போலக் கிடக்கும். ஒரு கரை மூடும்போது மறுகரை திறக்கும் வரம் சிறு தீவுகளிலே மிகச் சிலவற்றுக்கே வாய்த்தது. அவ்வாறிருக்க, நாடு முழுவதற்குமான கணக்கிலே மே மாதமும் ஜூன் மாதமும் தாழ்ந்து கிடப்பது ஏன்?

காரணம் மனிதர் செய்தது. 1966 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தினால் உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்ட நாள்முதல், விமான நிலையமும், பெருந்தெருக்களும், விளம்பரமும், முதலீடும் மேற்கையும் தெற்கையும் மையமாகக் கொண்டே வளர்ந்தன. பின்னர் வந்த போர் கிழக்கையும் வடக்கையும் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அடைத்துவைத்தது. அதன் நடுவே, 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரத்தை வாரிச்சென்றது. 2009 இல் போர் முடிந்தபின்னரே கதவு திறந்தது. ஆகவே, நாட்டின் உல்லாசப் பயணத் தொழிலுக்குள்ள பருவநோய்க்கு மருந்து எமது கரையிலேதான் இருக்கின்றது. இதை நாம் இரவலாகக் கேட்கவில்லை; நாட்டுக்குப் பயன்தரும் பொருளொன்று எம்மிடம் உண்டு என்று எடுத்துக் காட்டுகின்றோம்.

எமது கரைக்குள்ளேயும் அதே நோய் தலைகீழாக இருக்கின்றது என்பதை மறைக்கலாகாது. உல்லையிலே மே மாதத்திற் திறக்கும் கடை ஒக்டோபரிற் பூட்டப்படுகின்றது. வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளை பருவம் முடிந்ததும் பெரும்போக விதைப்புக்குத் திரும்பிவிடலாம். விதைப்புக் காலமும் விடுதிகள் ஓய்ந்துபோகும் காலமும் ஒன்றாக அமைந்திருப்பது அவனுக்கு ஆறுதல். ஆனால் காணியில்லாதவன் என்ன செய்வான்? வாடைக்காற்றிலே கடலும் சீறுவதால் படகோட்டிக்கு மீன்பிடியும் இல்லை, பயணியும் இல்லை. முச்சக்கர வண்டி வாங்கிய இளைஞனுக்கு லீசிங் கம்பனியின் தவணை பன்னிரண்டு மாதமும் வரும். வருவாயோ ஐந்தாறு மாதமே வரும். வங்கிக் கடனில் இரண்டு அறை கட்டிய விதவைத் தாய்க்கும் இதே கதைதான். ஆங்கிலமும் பேசி, விருந்தினரை உபசரிக்கவும் பழகிய பிள்ளைகள், மாரி பிறந்ததும் கட்டாருக்கோ டுபாய்க்கோ போய்விடுகின்றார்கள். பழக்கிய கைகளை ஆண்டுதோறும் இழக்கும் தொழில் ஒருநாளும் முதிர்ச்சியடையாது. பருவக் குறையைத் தீர்ப்பதென்பது இம்மக்களின் அடுப்பு எரிவதைப் பற்றிய வினா.

இனி, இளம் பயணிகளுக்கும் இதற்கும் உள்ள தொடர்புக்கு வருவோம். 2010 ஆம் ஆண்டில் நாடு கடந்து பயணஞ்செய்த ஏறத்தாழ 94 கோடிப் பேரில் ஐந்தில் ஒருவர் இளைஞர் என்று ஐக்கிய நாடுகளின் உலக உல்லாசப் பயண நிறுவனம் மதிப்பிட்டது. இவர்களுடைய நாட்காட்டி வேறு. குடும்பத்தோடு வருபவர் நத்தார் விடுமுறைக்கும் பள்ளி விடுமுறைக்கும் கட்டுண்டவர். கல்வி முடித்து வேலையில் அமரும் முன்னர் ஊர் பார்க்கப் புறப்பட்டவனுக்கும், கணினியொன்றைக் கையிற் கொண்டு எங்கிருந்தும் தொழில் செய்பவனுக்கும் அக்கட்டு இல்லை. வெயில் சற்றுக் கடுத்தாலும், இடையிலே ஒரு மழை பெய்தாலும் அவர்கள் முகஞ்சுழிப்பதில்லை. விலை குறைந்த மாதமே அவர்களுக்கு உகந்த மாதம்.

“இளைஞர் கையிலே பணம் ஏது?” என்று கேட்போர் உளர். கணக்கை முழுதாகப் பார்க்கவேண்டும். ஓர் உதாரணம் சொல்வோம். நாளொன்றுக்கு 20,000 ரூபா செலவிடும் செல்வர் நான்கு நாள் தங்கினால் 80,000 ரூபா. நாளொன்றுக்கு 6,000 ரூபா மாத்திரம் செலவிடும் மாணவன் இருபது நாள் தங்கினால் 1,20,000 ரூபா. தொகையைவிட முக்கியமானது, அது சென்று சேரும் இடம். பெரிய ஹோட்டலில் தங்குபவர் உண்பதும் உறங்குவதும் நீராடுவதும் ஒரே மதிலுக்குள். மாணவனோ ஒரு வீட்டில் உறங்கி, இன்னொரு கடையில் அப்பம் தின்று, மூன்றாமவரின் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, நான்காமவரின் படகில் ஏறுகின்றான். அவனுடைய ஆறாயிரம் ஒரே நாளில் நான்கு குடும்பங்களுக்குப் பிரிகின்றது.

இதற்குச் சான்று தேடி வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. உல்லைக் கரையைப் பெருமுதலாளி எவரும் ஆக்கவில்லை. அலைச்சறுக்குப் பலகையைத் தோளிற் சுமந்து, சில்லறைப் பணத்தோடு வந்த இளைஞர்களும், அவர்களுக்குக் கிடுகுக் கொட்டில் போட்டுக்கொடுத்த ஊர் மக்களும் ஆக்கிய கரை அது. போரையும் ஆழிப்பேரலையையும் தாண்டி மீண்டும் எழுந்து, 2019 செப்டெம்பரில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியையும் நடத்திக் காட்டியது. 2019 ஏப்ரில் 21 ஆம் நாள் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களால் நாடே வெறிச்சோடிக் கிடந்த ஆண்டு அது என்பதை எண்ணிப் பாருங்கள். அச்சம் தணிந்ததும் முதலில் திரும்புபவர்கள் இளைஞர்களே.

வெளிநாடுகளிலிருந்து நாம் கற்கவேண்டியதும் உண்டு. ஜெர்மனியிலே றிச்சாட் ஷிர்மன் என்றோர் ஆசிரியர் இருந்தார். கோடை விடுமுறையிலே பள்ளிக்கூடக் கட்டிடங்கள் வெறுமையாகக் கிடக்க, நடைப்பயணம் செல்லும் மாணவர் தங்க இடமின்றி அலைவதை அவர் கண்டார். வெறுங்கட்டிடத்தையும் வீடற்ற மாணவனையும் இணைத்தால் என்ன என்று 1909 இல் எண்ணினார். 1912 இல் அல்டெனா நகரத்துக் கோட்டையிலே முதலாவது நிலையான இளைஞர் விடுதி அமைந்தது. இன்று உலகமெங்கும் பரவியுள்ள இளைஞர் விடுதி இயக்கத்தின் வித்து அதுவே. வெறுமையாகக் கிடக்கும் இடத்தைப் புதிதாக ஒரு கல் வையாமலே பயன்படுத்துவது எப்படி என்ற வினாவே எமது வினாவும்.

ஆனால் கண்ட யாவற்றையும் இறக்குமதி செய்யலாகாது. அவுஸ்திரேலியா உழைத்துக்கொண்டே விடுமுறை கழிக்கும் இளைஞருக்கென 1975 இல் ஒரு விசா முறையை ஏற்படுத்தியது. 2005 முதல், நாட்டுப்புறத்திலே மூன்று மாதம் அறுவடை போன்ற வேலை செய்தவருக்கு இரண்டாவது ஆண்டும் தங்க அனுமதி அளித்தது. ஆள் பற்றாக்குறையால் வாடும் பரந்த நாட்டுக்கு அது பொருந்தும். எமது வயல்களிலோ கூலியை நம்பியிருக்கும் எம்மவர் உளர். விருந்தினன் அறுவடையைப் பார்க்கலாம். ஒருநாள் அரிவாள் பிடித்து மகிழலாம். எங்கள் கூலியாளின் இடத்தை அவன் பிடிக்க விடலாகாது.

இனி எந்த மாதத்துக்கு எவரை அழைப்பது என்று வகுத்துச் சொல்வோம்.

முதலாவது, மே மாதம். நாடு முழுவதிலும் பயணிகள் குறைந்த இம்மாதத்திலே எமது கடல் அமைதியாக இருக்கும். அதே மாதத்திலே தமிழ்நாட்டுக் கல்லூரிகள் கோடை விடுமுறைக்கு மூடப்படுகின்றன. 2024 இல் இந்நாட்டுக்கு வந்த ஏறத்தாழ 20 இலட்சத்து 53 ஆயிரம் பேரில் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியர். அதாவது ஐந்தில் ஒருவர். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரிற் கப்பற் சேவை தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. 2019 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்குச் சென்னையிலிருந்தும், பின்னர் 2025 இல் திருச்சியிலிருந்தும் விமானங்கள் வந்தன. மொழி தெரிந்த, உணவு பழகிய, அரைநாட் தொலைவிலுள்ள மாணவ சமுதாயம் ஒன்று, எமக்கு வேண்டிய மாதத்திலேயே விடுமுறையில் இருக்கின்றது! அவர்களை யாழ்ப்பாணத்தோடு நிறுத்திவிடாமல் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் கொண்டுவரும் பேருந்து வசதியும், மாணவர் கைக்கெட்டும் கட்டணமும் இருந்தால் மே மாதத்தின் முகமே மாறும்.

இரண்டாவது, ஜூலையும் ஆகஸ்டும். புலம்பெயர்ந்த எம்மவரின் பிள்ளைகள் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் மாதங்கள் இவை. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, உறவினர் வீட்டில் உண்டு உறங்கித் திரும்பிவிடுகின்றார்கள். பாட்டன் பூட்டன் ஊரைத் தவிர வேறெதையும் அவர்கள் பார்ப்பதில்லை. இதே பருவத்திலே, வடக்கிலிருந்து திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாக உகந்தை சென்று, காட்டுவழியே கதிர்காமத்தை அடையும் பாதயாத்திரை நடைபெறுகின்றது. அது அடியார்களின் விரதம். அதைக் காட்சிப்பொருளாக்க நாம் உடன்படோம். எனினும் யாத்திரை முடிந்தபின் அதே பாதையிலுள்ள ஊர்களை இளைஞர் நடந்தறிய வழிசெய்வதில் தவறில்லை.

மூன்றாவது, ஜனவரி முதல் ஏப்ரில் வரையுள்ள மாதங்கள். மாரி ஓய்ந்து, வயல்கள் பொன்னிறமாகி, அறுவடை நடக்கும் காலம். மன்னாரிலே வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்டது. பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வரும் காலம் இது. பறவை பார்ப்போர், சைக்கிளில் நாடு சுற்றுவோர், நெடுந்தீவுக்குப் படகேறுவோர் யாவருக்கும் உகந்த காலம். கற்பிட்டியைப் பாருங்கள். பட்டத்தைக் காற்றில் ஏற்றிப் பலகையிற் சறுக்கும் விளையாட்டுக்கு அங்கே மே முதல் ஒக்டோபர் வரை ஒரு காற்றும், டிசம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் வரை இன்னொரு காற்றும் உண்டு. ஒரே கரை இருபோகம் எடுக்கின்றது!

நான்காவது, நவம்பரும் டிசம்பரும். இங்கே நாம் உண்மை பேசவேண்டும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளியையும், 2025 நவம்பர் இறுதியில் நாட்டை உலுக்கிய டித்வா புயலையும் கண்ட நாம், அம்மாதங்களிலே கடற்கரைக்கு வாருங்கள் என்று விளம்பரஞ் செய்தால் அது விருந்தோம்பலாகாது. மழைக்காலத்துக்கு ஏற்றது கல்வி. மட்டக்களப்பிலே சுவாமி விபுலாநந்தர் பெயரால் அமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கின்றது. வடமோடி, தென்மோடிக் கூத்தறிந்த அண்ணாவிமார் இருக்கின்றனர். பரதம், மிருதங்கம், நாதஸ்வரம், சித்த வைத்தியம், எங்கள் சமையல், எங்கள் மொழி ஆகியவற்றை ஒரு மாதம் இருந்து பயில விரும்பும் இளைஞர் உலகெங்கும் உளர். கூரைக்குக் கீழே பயில்பவனுக்கு மழை தடையாகாது. வெள்ள எச்சரிக்கை வந்தால் அவனைப் பாதுகாக்கவும் எளிது.

இவற்றோடு உள்நாட்டு இளைஞரையும் மறக்கலாகாது. 2018 இல் 23 இலட்சமாக இருந்த வெளிநாட்டவர் தொகை, கொள்ளைநோய்க் காலமான 2021 இல் 1 இலட்சத்து 94 ஆயிரமாக வீழ்ந்தது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பைப் பகுதிக்குச் செல்லாதிருக்குமாறு தன் குடிகளை எச்சரித்தபோது, ஓர் அறிவித்தல் ஓர் ஊரின் வருவாயை எவ்வளவு விரைவில் அசைக்கும் என்பதைக் கண்டோம். பேராதனையிலும் கொழும்பிலும் ருகுணையிலும் பயிலும் மாணவர், சிங்களவராயினும் முஸ்லிம்களாயினும் தமிழராயினும், ஒருவர் ஊரை மற்றவர் விருந்தினராக வந்து பார்ப்பது பணத்துக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது.

ஆபத்துகளையும் சொல்லாவிட்டால் எமது உரை ஒருதலைப்பட்சமாகும். இளைஞர் வரவோடு போதைப்பொருளும் இரவுக் கூத்தாட்டமும் வரும் என்ற அச்சம் எமது தாய்மார்களுக்கு உண்டு. அவ்வச்சத்தைப் பழைமைவாதம் என்று தள்ளுபவர் ஊரை அறியாதவர். கோயிலருகே, பள்ளிவாசலருகே, பாடசாலையருகே எது தகும், எது தகாது என்பதை ஊரவரே முன்கூட்டி விதித்து, மும்மொழியிலும் ஆங்கே எழுதிவைக்க வேண்டும். விதி தெரிந்த விருந்தினன் பெரும்பாலும் அதை மதிப்பான்.

அதனினும் பெரிய ஆபத்து காணியைப் பற்றியது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகின்றது, குத்தகைக்கு இடமளிக்கின்றது. ஆயினும் உள்ளூரவர் ஒருவரின் பெயரிலே உறுதியை எழுதிவிட்டு, உண்மை உரிமையை வேறொருவர் வைத்திருக்கும் தந்திரத்தை எந்தச் சட்டமும் முற்றாகத் தடுத்ததில்லை. வருவாயற்ற மாதத்திலேதான் காணி விலைப்படுகின்றது. டிசம்பரில் அடுப்பெரியாத வீட்டுக்காரனே கடற்கரைக் காணியைக் கைவிடுகின்றான். ஆகவே ஆண்டு முழுவதும் சிறுவருவாய் வரச்செய்வது காணியைக் காக்கும் வேலியுமாகும். சட்டத்தரணிகளாகிய நாம் உங்களிடம் கேட்பது இதுவே: விற்கவேண்டாம், குத்தகை கொடுப்பினும் குறுகிய காலத்துக்குக் கொடுங்கள், கையொப்பமிடுமுன் தமிழில் வாசித்துக் கேளுங்கள்.

அரசினரிடம் நாம் கேட்பது என்ன? 1987 இல் நிறைவேறிய 13 ஆவது திருத்தத்தின்படி, உல்லாசப் பயணம் மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான ஒருங்கியைந்த நிரலிலே இடம்பெறுகின்றது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இலும், வடக்கு மாகாண சபையின் காலம் 2018 இலும் முடிந்தன. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் கழிந்தன. இரண்டு பருவக்காற்றுகள் உள்ள நாட்டுக்கு ஒரே அலுவலகத்திலிருந்து ஒரே நாட்காட்டி வகுப்பது பொருந்தாது. எங்கள் கரையின் பருவத்தை எங்கள் கரையிலிருந்தே திட்டமிடும் அதிகாரம் வேண்டும். விசா முறையும் நிலையாக இருக்கவேண்டும். 2024 ஏப்ரிலில் விசா வழங்கும் பணி வெளியார் கையில் ஒப்படைக்கப்பட்டு, ஆகஸ்ட் 2 ஆம் நாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தக் கட்டளையிடும் வரை நிலவிய குழப்பத்தை நாடறியும். கட்டணம் ஏறும்போது முதலில் வேறு நாட்டைத் தேடிப்போகின்றவன் பணமற்ற இளைஞனே.

ஆனால் அரசு தரும்வரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. 2025 மே மாதத் தேர்தலிலே உங்கள் வாக்கினால் அமைந்த பிரதேச சபைகள் இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கம் அமைப்பது எமக்குப் புதிதன்று. ஊர்தோறும் அறை வைத்திருப்போர், படகோட்டிகள், முச்சக்கர வண்டிக்காரர், சமைத்துக் கொடுக்கும் பெண்கள் ஆகியோர் ஒரு சங்கமாகச் சேரட்டும். ஒருவரையொருவர் விலைகுறைத்து அழிக்காதபடி மாதத்துக்கு ஏற்ற விலையை அச்சங்கம் விதிக்கட்டும். நல்ல மாதத்து வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கி, மாரியிலே தவணை கட்ட முடியாத அங்கத்தவருக்குக் கடன் கொடுக்கட்டும். கடலில் மூழ்குவோரைக் காக்கப் பயிற்சிபெற்ற இளைஞரை ஆண்டு முழுவதும் சம்பளத்தில் வைத்திருக்கட்டும். கமக்காரர்களாகிய நீங்கள் விதைநெல்லைப் பத்திரப்படுத்தும் முறைதான் இது. புதிதாகக் கற்க எதுவுமில்லை.

இக்கூட்டத்திலிருக்கும் ஆசிரியர்களும், கணக்காளர்களும், பொறியியலாளர்களும் தத்தம் ஊர்ச் சங்கத்துக்கு மாதம் ஒருநாள் கொடுக்க முன்வாருங்கள். கணக்கெழுதவும், வரைபடம் கீறவும், ஆங்கிலக் கடிதம் எழுதவும், ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்லவும் ஆளில்லாமலே பல நல்ல முயற்சிகள் முளையிலே கருகின. சட்ட வேலையை நாம் கூலியின்றிச் செய்து தருவோம். அடுத்த பருவம் தொடங்குமுன் ஒரு பிரதேச சபைப் பிரிவிலேனும் ஒரு சங்கம் பதிவாகி நிற்கவேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் இன்றே, கூட்டம் கலையுமுன், மேடையருகே வந்து எழுதிச் செல்லுங்கள்.